பட்டாள லாரியும் ரொட்டி வண்டியும்

பழைய வீட்டுக்குப் புதுக் கதவு போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கதவு வந்து இறங்குகிற வரையில் எல்லாம் சுலபம்தான். அப்புறம்தான் நிலை கோணலாயிருப்பது தெரியும். நிலையை நிமிர்த்தப் போனால் காரை உதிரும். காரையைப் பூசி வெள்ளையடித்தால், மற்ற மூன்று சுவர்களும் 'எங்களுக்கு?' என்று கேட்கும். கடைசியில் கணக்குப் பார்த்தால் கதவுக்கு ஆன செலவு ஒரு பங்கு. கதவைச் சாக்கிட்டு ஆன செலவு ஒன்பது பங்கு!

இந்தத் தத்துவத்தை என் தமக்கை பிள்ளை ஒரு லாரி வாங்கித் தெரிந்துகொண்டான். அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில், கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவன். பகலெல்லாம் கையில் அழுக்குப் படாத வேலை. அதனாலேயோ என்னவோ, சாயங்காலங்களில் கை நிறைய கிரீஸ் பூசிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. நாலு வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவன் மனைவி எனக்கு டெலிபோன் செய்தாள்.

"மாமா, உங்கள் மருமான் யுத்தத்துக்குக் கிளம்பிவிட்டார்!"

"என்னம்மா சொல்கிறாய்?"

"வாசலில் பட்டாள லாரி நிற்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்."

பார்த்தேன். பச்சை வர்ணம் பாதி, துரு பாதி. சப்பை மூக்கு, இரண்டு உருண்டைக் கண்கள், கிழிந்த கித்தான் கூரை. சாதுவான கிழ எருமை ஒன்று வழி தவறி வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

ஆனால் அந்த எருமையின் பூர்வோத்தரம் லேசுப்பட்டதல்ல. டாட்ஜ் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த எம்-37 என்ற முக்கால் டன் லாரி அது. 1951 முதல் 1968 வரையில் ஒரு லட்சத்துக்கு மேல் இந்த ரகம் தயாராயிற்று. நாலு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போகும். சேறு, மணல், ஆறு எதற்கும் அஞ்சாது. கொரியாவிலும் வியட்நாமிலும் உழைத்தது. இதே குடும்பத்து லாரியின்மேல் ஆம்புலன்ஸ் பெட்டி கட்டி, அடிபட்ட சிப்பாய்களையும் சுமந்தார்கள். பட்டாளத்தில் ஓய்வு கொடுத்த பிறகு ஏலத்தில் விட்டார்கள். விவசாயிகள் வாங்கினார்கள், கிராமத்துத் தீயணைப்புப் படைகள் வாங்கின. என் மருமான் வாங்கியது அப்படி நெருப்பணைத்து ஓய்ந்த லாரிதான்.

முதல் சனிக்கிழமையே ஏமாற்றம். எஞ்சினைக் கழுவித் துடைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு நீளமான வெடிப்பு. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை வழிய நிரப்பி ஐஸ் பெட்டியின் உறையறையில் வைத்தால் என்ன ஆகும்? உறைகிற தண்ணீர் பருத்துப் பாட்டிலை உடைத்துவிடும். குளிர்தேசத்து மோட்டார்களுக்கும் அதே ஆபத்து உண்டு. உறையாமல் காக்கிற மருந்தைத் தண்ணீரில் கலக்க யாரோ எந்தக் குளிர்காலத்திலோ மறந்துவிட்டார்கள். பீரங்கிக்கு அஞ்சாத இரும்பு, பனிக்குப் பிளந்துவிட்டது.

"அதே மாதிரிப் பழைய எஞ்சின் ஒன்று தேடிப் பொருத்து. அதுதான் மரியாதை" என்றார்கள் சில சிநேகிதர்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர் இருந்தும் சக்தி 78 குதிரைதான். ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடித்துவிட்டு நாலு கிலோமீட்டர் போகும். மணிக்கு 45 மைலுக்கு மேல் விரட்டினால் முனகும். இன்றைய அமெரிக்கச் சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கி விடுவார்கள். என் மருமானுக்கு லாரியைக் கண்காட்சியில் வைக்க ஆசையில்லை. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற ஆசை. ஆகவே டீசல் எஞ்சின் போடுவது என்று தீர்மானித்தான்.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? பெட்ரோல் எஞ்சினில் மின்சாரப் பொறி பட்டு நெருப்புப் பிடிக்கிறது. டீசலில் பொறியே கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? காற்றை நெருக்கினால் சூடேறும். இன்னும் பலமாக நெருக்கினால், அதில் தெளிக்கிற எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். 1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் ரகசியம் இவ்வளவுதான். அவருடைய பெயரே எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது.

மருமான் தேடிப் பிடித்தது கம்மின்ஸ் கம்பெனியின் நாலு சிலிண்டர் எஞ்சின். 3.9 லிட்டர் அளவு, 105 குதிரைச் சக்தி. 1980-களிலிருந்து அமெரிக்காவில் வீதி வீதியாக ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோய்க் கடைகளில் இறக்குகிற பெட்டி வண்டிகளில் இதைத்தான் நிறையப் பொருத்தினார்கள். வண்டி துருப்பிடித்து விழுந்த பிறகும் எஞ்சின் கல்லுப்போல் இருக்குமாம். கம்ப்யூட்டர் மூளை எதுவும் அதற்கு வேண்டாம். எண்ணெய் வந்தால் ஓடும், எண்ணெயை நிறுத்தினால் நிற்கும்.

"யுத்த லாரிக்கு ரொட்டி வண்டியின் எஞ்சினா?" என்று சிரித்தாள் அவன் மனைவி. "நல்லதுதான். இனிமேலாவது சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வரும்."

எஞ்சின் மாற்றுகிற பைத்தியம் அந்தக் கம்பெனியின் வம்சத்திலேயே இருக்கிறது. ஸ்தாபகர் கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1929-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு பழைய பாக்கார்ட் காரின் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டுத் தம்முடைய டீசல் எஞ்சினைத் திணித்தார். 1930 ஜனவரியில் அந்தக் காரை இண்டியானாவிலிருந்து நியூயார்க் வரை ஏறக்குறைய 800 மைல் ஓட்டிக்கொண்டு போனார். எண்ணெய்ச் செலவு 1 டாலர் 38 சென்ட்! பார்த்தவர்கள் வாய் பிளந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். எஞ்சின் வந்து இறங்கியது. கதவுக் கதை ஆரம்பமாயிற்று.

முதல் தகராறு இடத்தைப் பற்றி. புது எஞ்சின் பழையதைவிட உயரம்; கனமும் ஜாஸ்தி. கிட்டத்தட்ட 340 கிலோ எடையை வைத்து எடுத்து, எடுத்து வைத்துப் பார்க்க முடியுமா? மருமான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி நன்றாகத் தைப்பாள். "பட்டுத் துணியை யாராவது நேரே வெட்டுவார்களா? முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்க்க வேண்டாமா?" என்றாள். அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி எஞ்சினின் அளவுக்கு ஒரு பொம்மை செய்தார்கள். அதை உள்ளே வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது: பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது முன் அச்சு மேலே வந்து எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியை இடிக்கும்! நல்லவேளை, அந்த எஞ்சினுக்கு வேறு வடிவத்திலும் எண்ணெய்த் தொட்டி கிடைக்கிறது. வாங்கி மாற்றினான்.

இரண்டாவது தகராறு வேடிக்கையானது. 78 குதிரையை அவிழ்த்துவிட்டு 105 குதிரையைக் கட்டினால் லாரி வேகமாகப் போக வேண்டுமல்லவா? போகாது! பழைய எஞ்சின் நிமிஷத்துக்கு 3,200 சுற்றுச் சுற்றும். அதில் லாரி மணிக்கு 55 மைல் போனது. டீசல் நிதானஸ்தன்; 2,500 சுற்றோடு நிறுத்திக்கொள்ளும். பழைய பல்சக்கரங்களை அப்படியே வைத்திருந்தால் 43 மைலுக்கு மேல் போகாது. பலம் கூடியும் வேகம் குறைந்துவிடும். ஆகவே ஐந்து கியர் உள்ள வேறு பெட்டி வாங்கினான். ஐந்தாவது கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் சக்கரம் வேகமாகச் சுற்றும். 60 மைல் வரை போகலாம். புதுப் பெட்டியின் நீளம் வேறு. ஆகவே நடுவிலிருந்த தண்டையும் வெட்டிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

மூன்றாவது, மின்சாரம். பட்டாள லாரிக்கு 24 வோல்ட். ரொட்டி வண்டிக்கு 12 வோல்ட். விளக்கு, மானி, கம்பி அத்தனையும் மாற வேண்டும். நாலாவது, எண்ணெய்க் குழாய். பெட்ரோல் போன வழியே போகும். டீசலோ உபயோகித்தது போக மீதியைத் திருப்பி அனுப்பும். திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். பழைய டாங்கியின் துரு ஒரு துளி பம்பில் புகுந்தாலும் குடி கெட்டது. ஆகவே டாங்கியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். இரண்டு குளிர்காலங்கள் இப்படியே கழிந்தன. இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் கைவிட்டுவிடுவார்களாம். அமெரிக்காவில் எத்தனையோ கொட்டகைகளில் எஞ்சின் இல்லாத லாரியும் லாரி இல்லாத எஞ்சினும் பக்கத்தில் பக்கத்தில் தூங்குகின்றன.

மூன்றாம் வருஷ வசந்தத்தில் எஞ்சின் ஓடியது. வீடியோவில் காட்டினான். 'தடதட'வென்று லாரி முழுவதும் நடுங்கியது. நாலு சிலிண்டர் டீசலுக்கு அந்த நடுக்கம் பிறவிக் குணம். தாங்கிகளில் ரப்பர் வைத்தும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மருமான் முகத்தில் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா, நாளைக்கே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகப் போகிறேன்" என்றான்.

அவன் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"ஓடுகிறது, சரி. நிற்குமா?"

அவன் பதில் சொல்லவில்லை. வீடியோவும் சீக்கிரமே முடிந்துவிட்டது.

அந்தக் கேள்வி அவனை அன்று ராத்திரி தூங்கவிடவில்லையாம். நியாயமான கேள்வி. காலி லாரியே ஏறக்குறைய 2,600 கிலோ. 1950-களில் செய்த பிரேக்கு. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்கே ஓரிடத்தில் கசிந்தாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்பு 45 மைலில் போன லாரி இனி 60 மைலில் போகும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். போதாக்குறைக்கு, காலை எடுத்தவுடன் பெட்ரோல் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கிற மாதிரி டீசல் அவ்வளவாகப் பிடிக்காது. பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சுகிற சக்தியைக்கொண்டு பிரேக்குக்கு உதவி செய்கிற தந்திரமும் டீசலில் தானாகக் கிடைக்காது. அதற்குத் தனிப் பம்பு வைக்க வேண்டும்.

மறுநாள் குழந்தைகள் ஊர்வலம் ரத்தாயிற்று. கடைசிக்குட்டி அழுதது. மருமான் மறுபடியும் லாரிக்கு அடியில் படுத்தான். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி எண்ணெய் வழி. ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். முன் சக்கரங்களுக்குப் புது ரகத் தட்டு பிரேக்கு. உதவிக்குத் தனிப் பம்பு. புதுக் குழாய்கள். இன்னொரு குளிர்காலமும், எஞ்சினுக்குக் கொடுத்த பணத்தில் பாதியும் போயின.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் மணி அடித்தது. பின்னணியில் 'தடதட' சத்தம். அவன் மனைவிதான் பேசினாள்.

"மாமா, நாங்கள் எல்லோரும் லாரியில் இருக்கிறோம். காலி மைதானத்தில் ஐம்பது தடவை ஓட்டி ஐம்பது தடவை நிறுத்திக் காட்டினார். அப்புறம்தான் ஏறினேன்."

"எங்கேயம்மா போனீர்கள்?"

"கடைக்குத்தான். வீட்டில் ரொட்டி இல்லை!"

ரொட்டி வண்டியின் எஞ்சின் பழைய உத்தியோகத்தை மறக்கவில்லை, பாருங்கள். வெடித்த பழைய எஞ்சினையும் அவன் தூக்கியெறியவில்லை. எண்ணெய் பூசிக் கொட்டகையில் வைத்திருக்கிறான். என்றாவது ஒருநாள் அதன் வெடிப்பையும் மூட வேண்டுமாம். அதன்மேல் இப்போது அவள் கறிவேப்பிலைச் செடித் தொட்டியை வைத்திருக்கிறாள். குளிருக்கு அடக்கமான இடமாம்.

நம் வீடுகளிலும் அவ்வப்போது வேகம் கொடுக்கிற சாமான்கள் வந்து இறங்கத்தான் செய்கின்றன. பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள், பெண்ணுக்கு ஸ்கூட்டர். வாங்கி வந்தவர்கள் அதன் குதிரைச் சக்தியைப் பற்றியே பேசுவார்கள், பேசட்டும். அவர்கள் பேசி முடித்ததும், ஓஹையோவில் அவள் கேட்ட அந்தச் சின்னக் கேள்வியை நீங்களும் கேட்டு வையுங்கள்.