பாதி ஓட்டல் யாருடையது?

'ஃபால்ட்டி டவர்ஸ்' என்றதும் எல்லோரும் "ஆஹா, ஜான் க்ளீஸ்!" என்கிறார்கள். சரிதான். ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதியின் பெயர் கானி பூத். டிவிடியில் டைட்டிலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள், எழுதியவர்கள் என்று ரெண்டு பெயர் இருக்கும். பாலி என்ற பணிப்பெண்ணாக வருவாரே, அவரேதான். அப்போது க்ளீஸின் மனைவி. அதனாலேயே அவர் எழுதியதெல்லாம் 'கணவருக்குக் கூடமாட ஒத்தாசை' கணக்கில் போய்விட்டது.

1970-ல் மாண்டி பைதான் குழு ஷூட்டிங்குக்காக டார்க்கீ என்ற கடலோர ஊரில் ஒரு ஓட்டலில் தங்கியது. விருந்தாளிகளைக் கண்டாலே எரிந்து விழும் முதலாளி. எரிக் ஐடிலின் பையை, வெடிகுண்டோ என்று சந்தேகப்பட்டு, வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். மற்றவர்கள் ஆளைவிட்டால் போதும் என்று கிளம்பிவிட, க்ளீஸ் அங்கேயே தங்கினார். கானியும் வந்து சேர்ந்துகொண்டார். ஆக, பேஸில் ஃபால்ட்டிக்கு மாடலான அந்த மனுஷரை ரசித்தது ஒரு ஜோடிக் கண்கள் அல்ல.

முதல் ஸ்கிரிப்டைப் படித்த பிபிசி ஆசாமி ஒருவர், இது உருப்படாது என்கிற ரீதியில் குறிப்பு எழுதினார். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, மொத்தமே 12 எபிசோடுகள். 2000-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் நூறு சிறந்த டிவி நிகழ்ச்சிகள் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். உதை ரெண்டு பேருக்கும் சேர்த்து விழுந்தது. மாலை மட்டும் ஒரே கழுத்துக்கு!

"மேதை அவர், அம்மா சும்மா கூட உட்கார்ந்திருப்பார்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. பைதானில் பெண் வேஷங்களைப் பெரும்பாலும் ஆண்களே கவுன் மாட்டிக்கொண்டு கீச்சுக்குரலில் செய்தார்கள். ஃபால்ட்டி டவர்ஸிலோ சிபில் இருக்கிறாள். போனில் வம்பளந்தபடியே ஓட்டலையும் புருஷனையும் ஓட்டுகிற அசல் முதலாளி. பாலி இருக்கிறாள், அந்தக் கட்டடத்திலேயே புத்தி தெளிந்த ஒரே ஜீவன். இந்தப் பெண்களெல்லாம் திடீரென்று எங்கிருந்து முளைத்தார்கள்?

க்ளீஸைக் குறை சொல்லவில்லை. கானியின் பங்கை அவர் மறைத்ததில்லை. அவருடைய நல்ல படைப்புகள் பலவற்றில் ஒரு கூட்டாளி உண்டு. செத்த கிளி நாடகத்தில் முதலில் ரிப்பேரான டோஸ்டர்தான் இருந்ததாம். அதைக் கிளியாக்கியது கிரஹாம் சாப்மன். 1988-ல் 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' கதையை க்ளீஸோடு சேர்ந்து யோசித்தவர், எழுபது தாண்டிய டைரக்டர் சார்ல்ஸ் கிரைட்டன். தப்பு, 'க்ளீஸின் ஃபால்ட்டி டவர்ஸ்' என்று சோம்பேறித்தனமாக எழுதுகிற பத்திரிகைக்காரர்களுடையது. என் ஜாதிதான்.

இருவருக்கும் 1978-ல் விவாகரத்து. மறு வருஷம் வந்த ஆறு எபிசோடிலும் ரெண்டு பெயரும் சேர்ந்தேதான் வருகின்றன. முறிந்த கல்யாணத்துக்குப் பிறகும் உட்கார்ந்து பிறத்தியாரைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா?

கானி பிற்பாடு நடிப்பை விட்டு லண்டனில் சைக்கோதெரபிஸ்ட் ஆனார். அந்தத் தொடரைப் பற்றிப் பல வருஷம் வாயே திறக்காமல் இருந்து, 2009-ல் ஒரு டாக்குமெண்டரிக்குப் பேசினார். 2023-ல், க்ளீஸும் இன்னொரு மனைவிக்குப் பிறந்த மகள் கமிலாவும் புதிய ஃபால்ட்டி டவர்ஸ் எழுதி நடிக்கப்போவதாக அறிவித்தார்கள். எல்லோரும் கேட்டது, பேஸிலுக்கு இத்தனை வயதாகிவிட்டதே என்று. பாதி ஓட்டலைக் காணோமே என்று எத்தனை பேர் கேட்டார்கள்?