திறவுகோலும் அளவும்

"ஹஜ்ரத், அங்கன்வாடியில் வைட்டமின் ஏ மருந்து கொடுக்கிறார்களாம். பிள்ளைக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது, பிறகு எதற்கு?" மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மார்கள் நம்மிடம் கேட்பதுண்டு. அது கண்ணுக்கு மட்டும் உரிய சத்து என்று எண்ணுவதால் எழும் கேள்வி இது.

நம் உடலில் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஆயினும் ஒன்று தோலாகிறது, மற்றொன்று குடலாகிறது. எந்த மரபணு எப்போது செயல்பட வேண்டும் என்பதைப் புரதங்கள் நெறிப்படுத்துவதே காரணம். அவற்றுள் ஒருவகை, ரெட்டினாயிக் அமில ஏற்பிகள். இவை மரபணுவின் மீது அமர்ந்து, துணைப் புரதங்களைக் கொண்டு அதைப் பூட்டி வைத்திருக்கின்றன. நாம் உண்ணும் வைட்டமின் ஏ கல்லீரலில் சேமிக்கப்பட்டு, இரத்தத்தின் வழியே உயிரணுவை அடைந்து, ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. அந்தத் திறவுகோல் ஏற்பியில் பொருந்தியதும் பூட்டிய புரதங்கள் விலகுகின்றன. திறக்கும் புரதங்கள் வந்து சேர்கின்றன. மரபணு பணியைத் தொடங்குகிறது. 1987ஆம் ஆண்டில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இந்த ஏற்பியைக் கண்டறிந்தன. படைத்தவனின் நுட்பத்தை எண்ணி வியக்கிறோம்.

குடலின் உட்படலமும் மூச்சுக்குழாயின் உட்படலமும் நோயெதிர்ப்பு அணுக்களும் இந்தத் திறவுகோலை நம்பியே இருக்கின்றன. அது குறைந்தால் வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் லைலா ரஹ்மத்துல்லாஹ் தலைமையில் தமிழகக் கிராமங்களில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு பலன் காணப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் பற்றாக்குறையுள்ள பிள்ளைக்கு இது உயிர்காக்கும் மருந்து என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆகவே ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயதுவரை, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அரசு வழங்கும் ஒன்பது தவணைகளையும் தவறவிடாதீர்கள்.

அதே வேளையில், திறவுகோல் மிகுந்தாலும் தீங்கே. கருவிலிருக்கும் சிசுவின் உறுப்புகள் உருவாவதும் இதே சமிக்ஞையின் அளவைப் பொறுத்ததே. முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை ரெட்டினாயிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்தது. கர்ப்பிணி அதை உட்கொண்டால் சிசுவின் முகமும் இதயமும் மூளையும் பாதிக்கப்படக்கூடும். நிக்காஹ் நெருங்குகிறதே என்று, தோழி சொன்ன மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் மகளுக்கு வாங்கித் தரும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மருந்துக்கு முன் உணவையும் எண்ணிப் பார்ப்போம். கொடைக்கானல் மலையிலிருந்து கேரட் இறங்கி வருகிறது. நம் ஆயக்குடி வீடுகளின் கொல்லையில் முருங்கையும் பப்பாளியும் நிற்கின்றன. விருந்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம், அன்றாடத் தட்டில் ஒரு பிடி கீரையை மறந்துவிடுகிறோம். சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அதிலுள்ள சத்து உடலில் நன்கு சேரும்.

குறையவும் கூடாது, மீறவும் கூடாது. மீஸான் எனும் துலாக்கோல் கடைவீதிக்கு மட்டும் உரியதன்று. நம் பிள்ளைகளின் உடலும் நம்மிடம் தரப்பட்ட அமானிதமே. அதை அளவறிந்து பேண வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.