பள்ளி என்னும் சொல்லும் பல்சமய அறிவும்

பள்ளி என்னும் சொல்லின் வரலாறு அறிந்தோர், பள்ளிக்கூடத்தில் சமயங்களைப் பற்றிப் பேசலாமா என்னும் வினாவைக் கேட்டு நகையாதிரார். படுத்தற் பொருளில் பிறந்த அச்சொல் முதற்கண் உறங்குமிடத்தைக் குறித்தது. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் உயிரோடுள்ளது. பின்னர், குன்றின் குகைகளில் கற்படுக்கை வெட்டித் தங்கிய சமணத் துறவியரின் உறையுளையும், புத்தத் துறவியரின் இருப்பிடத்தையுங் குறித்தது. அவர்கட்கு அரசர் விட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம் எனக் கல்வெட்டுகளில் வருகின்றது. அத்துறவியர் ஊர்ப் பிள்ளைகட்கு எழுத்தறிவித்த வழக்கத்தினின்றே பள்ளிக்கூடம் என்னும் பெயர் தோன்றிற்று என்பர் அறிஞர். பின்வந்த முசுலீம் தமிழர் தம் தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என்றனர். மலையாள நாட்டில் கிறித்தவர் கோயிலுக்கும் பள்ளி என்றே பெயர். இத்துணைச் சமயத்தாரையும் தன்னுள் படுக்க வைத்த ஒரு சொல்லின் கீழ் நாள்தோறும் வந்தமரும் மாணாக்கனுக்கு, அடுத்த விசிப்பலகையில் அமர்ந்திருப்பவன் எதைத் தொழுகின்றான், ஏன் நோன்பிருக்கின்றான் என்பது தெரியவில்லை. தெரிவிப்பாரும் இலர்.

சிங்கப்பெருமாள் கோவிலை எடுத்துக்கொள்க. பல்லவர் காலக் குடைவரையில் நரசிங்கம் வீற்றிருக்கும் ஊர் அது. பெருமாள் என்பது சேர வேந்தர்க்கும் வழங்கிய நல்ல தமிழ்ப் பெயர்; ஊர்மக்கள் அதனையே கடவுட்குமிட்டு ஊர்ப்பெயராகவும் ஆக்கிக்கொண்டனர். அங்கிருந்து கூப்பிடு தொலைவில் சுந்தரர் பாடிய திருக்கச்சூர் சிவன் கோயில். வடமேற்கே ஒரகடம் வழியாகச் செல்லும் சாலை சேருமிடம் திருப்பெரும்பூதூர். இராமாநுசர் பிறந்த ஊர். அதற்கும் அப்பால் காஞ்சி. அங்கே சிவனுக்கொரு பகுதி, திருமாலுக்கொரு பகுதி, சமணர்க்குத் திருப்பருத்திக்குன்றம் என நகரே சமயங்களால் பகுக்கப்பட்டிருந்தது. ஏழாம் நூற்றாண்டில் சீன நாட்டுச் சுவான்சாங்கு வந்து புத்தப் பள்ளிகளைக் கண்டு எழுதிவைத்ததும் அந்நகரத்தைப் பற்றியே.

இச்சாலையில் இன்று ஓடுவன மகிழுந்து உறுப்புகளைச் சுமந்த சரக்குந்துகள். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கிய தொழிற்சாலைப் பெருக்கம் ஒரகடம் முழுதும் பரவிவிட்டது. பீகாரினின்றும், ஒடிசாவினின்றும், அசாமினின்றும் உழைப்பாளர் வந்தனர். சிலர் குடும்பத்தோடும் வந்தனர். அவர்தம் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் அகரம் எழுதுகின்றனர். தமிழ் கற்க வந்த பிள்ளையை வரவேற்பது தமிழ்நாட்டின் கடன், அதில் ஐயமில்லை. ஆனால், ஞாயிற்றை நோக்கி நீரில் நின்று வணங்கும் பீகார்த் தாயைக் கண்டு நம் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர் என்றால், தைப்பொங்கலன்று முற்றத்தில் ஞாயிற்றுக்குப் படையலிட்ட தம் பாட்டியை அவர்கள் மறந்தனர் என்பதே பொருள். பிறர் சமயம் அறியாதவன் தன் சமயத்தையும் அறியான்.

கேடு யாதெனின், சமய அறிவு இல்லாத பள்ளி வெற்றிடமாய் நிற்பதில்லை. அவ்விடத்தில் எவனோ ஒருவன் வந்து அமர்ந்துகொள்கின்றான். 2024 ஆகத்துத் திங்களில் சென்னை அசோகர் நகர் அரசு மகளிர் மேனிலைப் பள்ளியில் நடந்ததை நாடறியும். தன்னம்பிக்கையூட்டப் பேச வந்ததாகச் சொல்லப்பட்டவர், முற்பிறவியில் செய்த தீவினையே இப்பிறவியின் உடற்குறைக்கும் வறுமைக்கும் ஏது என்று மாணவியர்க்கு ஓதினார். எழுந்து நின்று மறுத்தவர் யார்? கண்பார்வையற்ற ஓர் ஆசிரியர்! தமிழ் கற்பிப்பவர்! பள்ளியில் இதைப் பேசலாமா என்று அவர் கேட்டதற்கு, மேடையிலிருந்தவர் அவரிடம் சொல்லாடிய முறையை ஒளிக்காட்சியிற் கண்டோர் நெஞ்சு கொதித்தனர். அடுத்த மாதத்தில் பேச்சாளர் தளைப்படுத்தப்பட்டார். தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டனர். பள்ளி நிகழ்ச்சிகட்கு நெறிமுறை வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. அவ்வளவில் செய்தித்தாள்கள் ஓய்ந்தன.

ஓயாத வினா ஒன்றுண்டு. அம்மாணவியர்க்கு வினைக்கோட்பாடு என்பது யாது என முன்பே பாடமாக அறிவித்திருந்தால், அன்று ஆசிரியர் ஒருவர் மட்டுமா எழுந்திருப்பார்? இக்கோட்பாட்டைச் சமணம் இவ்வாறு சொல்கிறது, புத்தம் அவ்வாறு சொல்கிறது, உலகாயதர் மறுத்தனர், திருக்குறளில் 38ஆம் அதிகாரமாக ஊழை வைத்த வள்ளுவரே 62ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையையும் வைத்துள்ளார் என்று கற்ற பெண், மேடைப் பேச்சைக் கேட்டு மருளுவளா? சமயம் பற்றிய அறியாமைதான் சமய வணிகனுக்கு முதலீடு.

சட்டம் இதற்குத் தடையோ எனின், இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் கூறு, முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் சமயப் பயிற்சி கூடாதென்கின்றது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பிற பள்ளிகளிலும் பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளையையும் வழிபாட்டிலோ சமயப் பாடத்திலோ ஈடுபடுத்தலாகாது என்கின்றது. வழிபடக் கற்பித்தல் வேறு, வழிபாட்டைப் பற்றிக் கற்பித்தல் வேறு. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக்குழு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டி, பெருஞ்சமயங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் தேர்ந்த செய்திகளைக் குடிமைப் பாடத்தோடு சேர்க்கலாம் என்றது. 2002 செப்தம்பரில் உச்சநயன்மன்றத்தின் மூவர் அமர்வும் அருணா இராய் வழக்கில் அவ்வேறுபாட்டையே ஏற்றது. ஆயின் அவ்வழக்கின் மறுபக்கத்தையும் தமிழர் மறத்தலாகாது. வழக்கிற்குரிய 2000ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சட்டகம், சமயங்களைப் பற்றிய கல்வி என்னும் நற்பெயரின் பக்கத்திலேயே சமற்கிருதத்துக்கும் வேதக் கணக்கிற்கும் இருக்கை போட்டு வைத்திருந்தது. கோட்பாடு சரி, கொண்டுவந்த கை எதுவென்று பார்த்தே வாங்க வேண்டும்.

எவ்வாறு கற்பிக்கலாகாது என்பதற்கு ஈழத்தையும் சிங்கப்பூரையும் பார்த்தாற் போதும். இலங்கைப் பள்ளிகளில் சமயம் நெடுங்காலமாகக் கட்டாயப் பாடம். சாதாரண தரத் தேர்விலும் அதற்கு இடமுண்டு. ஆனால் அங்குப் பிள்ளை கற்பது தன் சமயத்தை மட்டுமே. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முசுலீம் பிள்ளைக்கு இசுலாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், சிங்களப் பிள்ளைக்குப் புத்தம். மணியடித்ததும் ஒரு வகுப்புப் பல அறைகளாகப் பிரிகின்றது. அந்நாட்டில் நேர்ந்த கொடுமைகட்கு இவ்வொரு பாடவேளையே ஏதுவென்பது அறிவுடைமையாகாது; எனினும், அடுத்த அறையில் என்ன சொல்லித் தருகின்றனர் என்றே அறியாமல் வளர்ந்த தலைமுறைகளின் ஐயமும் அச்சமும் சிறிதல்ல. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர், 1984இல் உயர்நிலை மாணவர்க்குச் சமய அறிவைக் கட்டாயமாக்கி, அவரவர் விரும்பும் சமயத்தைத் தேர்ந்துகொள்ளச் செய்தது. ஒற்றுமை வளருமென எண்ணினர்; வேற்றுமை உணர்ச்சியே கூர்மையுற்றதென ஆட்சியாளரே கண்டு, 1989இல் அக்கட்டாயத்தைக் கைவிட முடிவெடுத்தனர். பிழை தேர்ந்துகொள்ளச் சொன்னதில் இருந்தது. ஒரு சமயத்தை மட்டும் கற்கும் பாடம் எத்துணை நன்றாக நடப்பினும் கோயிற்பாடமாகவே முடியும்.

அங்ஙனமாயின் புதுப்பாடம் ஒன்று வேண்டுமோ? வேண்டுவதில்லை. ஏற்கெனவே முதுகொடியும் புத்தகச் சுமை. தமிழ்ப்பாடம் ஒன்றே போதும். அதை நேர்மையாக நடத்தினால்!

மணிமேகலையின் 27ஆம் காதை, சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை. வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்போரை ஒருவர்பின் ஒருவராக வினவிக் கேட்கின்றாள் மணிமேகலை. பல்சமய அறிவுக்கு இவ்வளவு பழைய பாடத்திட்டம் எம்மொழியிலுளது என்று தேடிப் பார்க்கலாம். கடவுளை ஏற்காத பூதவாதிக்கும் அந்நிரலில் இடமிருந்ததை நோக்குக. இனி, நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்று: இளம்பெண் என்று அறிந்தால் எவரும் தம் கொள்கைப் பொருளை உரையார் என்பதால் அவள் மாதவன் உருக்கொண்டே சென்று கேட்கின்றாள். அசோகர் நகர் மாணவியர் மாற்றுரு எடுக்கவேண்டிய தேவையில்லை. தம் உருவிலேயே எழுந்து நின்று வினவலாம். அவ்வாறு வினவப் பழக்குவது தமிழாசிரியர் கடன். மணிமேகலை புத்தநூல், நடுநிலை நூலன்று என்று ஒருவர் மறுக்கலாம். உண்மையே. புத்தத்தை மறுத்தன்றோ சமணர் நீலகேசி பாடினர்! இரண்டையும் எடுத்துக் காட்டுமிடத்தே பிள்ளைக்கு நடுநிலை பிறக்கும்.

தேம்பாவணியும், சீறாப்புராணமும், இரட்சணிய யாத்திரிகமும், திருமுறையும், ஆழ்வார் பாட்டும் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெறுவன. இத்தாலியினின்று வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் சூசையப்பரைப் பாடினார். உமறுப் புலவர் நபிகள் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கினார். ஆனால் வகுப்பறையில் நடப்பதென்ன? அணியும் அசையும் பிரிக்கப்படுகின்றன. நெடுவினா குறித்துத் தரப்படுகின்றது. நபிகள் யார், சூசையப்பர் யார் என்பது சொல்லப்படுவதேயில்லை. தன் சமயப் பாட்டென்றால் உருகி நடத்திப் பிற சமயப் பாட்டென்றால் "இது தேர்வில் வாராது" என்று தாண்டிச் செல்லும் ஆசிரியரும் உளர். அத்தாண்டுதலைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அதுவே அன்று அவர்கள் கற்ற சமயப் பாடம்.

சொல்லாராய்ச்சியால் கற்பிக்கக்கூடியது எவ்வளவு! ஆண்டவர் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்க. பழநியிலும் ஆண்டவர், நாகூரிலும் ஆண்டவர், கிறித்தவரின் வேண்டுதலிலும் ஆண்டவர். நோன்பென்னும் சொல்லைச் சமணரும் சைவரும் முசுலீம்களும் கிறித்தவரும் ஒருங்கே ஆள்கின்றனர். தொழுகையும் மறையும் அவ்வாறே. தமிழ் எச்சமயத்தானையும் மதம் மாறு என்னாமல் தன் சொல்லைக் கொடுத்துத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

சமயமே பள்ளியில் வேண்டா என்னும் பகுத்தறிவாளர், நம் இயக்கத்திலேயே பலர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. நெற்றிக்குறியும் கைக்கயிறும் பள்ளிக்குள் சாதிச் சின்னமாய் மாறியதைக் கண்டே, 2024இல் நயனர் சந்துரு குழு அவற்றை விலக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் பெரியார் தொன்மங்களைப் படியாமல் மறுத்தவரல்லர். படித்துப் பக்கஞ்சொல்லி மறுத்தவர். மறுப்பவனுக்கும் முதலில் அறிவு வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்துள்ள நகரம் மறைமலைநகர். அப்பெயருக்குரிய மறைமலையடிகள் அழுத்தமான சைவர். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, பத்தாண்டுகட்கு மேல் கிறித்தவர் கூடத்தில் தமிழ் கற்பித்தார். அவர்தம் சைவத்தை அக்கல்லூரி குறைக்கவில்லை. அவரும் அக்கல்லூரியைக் குலைக்கவில்லை. அவர் தொடங்கிய தனித்தமிழ் நெறியைச் சொற்பிறப்பியலால் நிலைநிறுத்திய பாவாணர் கிறித்தவராய்ப் பிறந்தவர். இவ்விரண்டு செய்திகளையும் மறைமலைநகரின் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

வகுப்பறையில் இயலாதெனில் வெளியே அழைத்துச் செல்லலாம். இப்பகுதிப் பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டிற்கொரு நாள் பேருந்து ஒன்றை அமர்த்திக்கொள்ளட்டும். காலையில் சிங்கப்பெருமாள் கோவில் குடைவரை, பின் திருக்கச்சூர், வழியில் ஒரு பள்ளிவாசல், ஒரு கிறித்தவர் கோயில், உச்சிப்பொழுதில் திருப்பெரும்பூதூர், வெயில் தாழத் திருப்பருத்திக்குன்றத்துக் கூரை ஓவியங்கள். ஒவ்வோரிடத்திலும் அவ்வவ்விடத்தாரே விளக்க, பிள்ளைகள் வினவட்டும். வழிபடச் சொல்ல வேண்டா. செருப்பைக் கழற்றச் சொன்னாற் போதும். ஒரகடத்துத் தொழிலாளியின் மகனும் அப்பேருந்தில் இருக்கவேண்டும்; பணம் கட்ட இயலாதென்று அவனை மட்டும் விட்டுச் செல்லலாகாது. ஏழு மணிக்குப் புறப்பட்டால் விளக்கு வைக்குமுன் திரும்பிவிடலாம்.