நல்கை பதவிக்கா, ஆய்வுக்கா?

பன்னாட்டு ஆய்வு மாநாடு ஒன்றுக்கு இருவர் கட்டுரை அனுப்புகிறார்கள் எனக் கொள்வோம். இரண்டையும் நடுவர் குழு ஏற்றுக்கொள்கிறது. ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். மற்றவர் எந்த நிறுவனத்தையும் சாராத ஆய்வாளர். முன்னவருக்கு மாநாட்டு நாள்கள் பணி நாள்களாகவே கருதப்படும். செலவில் ஒரு பகுதியையாவது நிறுவனமோ, அரசு அமைப்போ ஏற்கும். பின்னவரோ பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் ஆகிய அனைத்தையும் தம் கைப்பொருளிலிருந்தே செலுத்த வேண்டும். அந்த நாள்களுக்குரிய வருவாயையும் இழக்க வேண்டும். இருவரின் கட்டுரைகளும் ஒரே அளவுகோலால் தேர்வு பெற்றவை. ஆனால், அவற்றை அரங்கில் வாசிப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை வேறு வேறு.

கலையியல் துறைகளில் இது சிறிய குறை அன்று. ஆய்வகமோ, விலையுயர்ந்த கருவிகளோ தேவைப்படாததால், மொழி, வரலாறு, இலக்கியம் ஆகிய துறைகளில் கல்விக்கூடங்களுக்கு வெளியிலிருந்தும் பெரும் பங்களிப்புகள் வந்துள்ளன. 'லீனியர் பி' எழுத்துமுறையை 1952-இல் படித்தறிந்த மைக்கேல் வெண்ட்ரிஸ் தொழிலால் கட்டடக் கலைஞர். 1956-இல் பாரீஸுக்கு அருகே மைசீனிய ஆய்வாளர்கள் முதன்முறையாகக் கூடியபோது அவரும் அங்கே அமர்ந்திருந்தார். 'பௌத்தமும் தமிழும்' எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். தமிழ்த் திரைப்பட வரலாற்றை ஆய்வுப்பொருளாக்கிய தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தபடியே சிந்துவெளி எழுத்துகளுக்கான தொடரடைவை 1977-இல் வெளியிட்டார்.

இவர்களுக்கெல்லாம் ஆய்வுக்கு வெளியே ஒரு நிலையான தொழில் இருந்தது. இன்று பெருகிவரும் சார்பற்ற ஆய்வாளர்களில் பலருக்கு அதுவும் இல்லை. முனைவர் பட்டம் பெற்றும் நிரந்தரப் பணி கிடைக்காதவர்கள், கௌரவ விரிவுரையாளர்களாகக் காலம் கடத்துபவர்கள், குடும்பப் பொறுப்பால் பணியிலிருந்து விலகிய பெண்கள் ஆகியோரே அவர்களில் மிகுதி. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்பு ஒன்றுக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வரையறுத்தது. எண்ணப்படும் வகுப்புகளுக்கே ஊதியம் என்றால், ஒரு வார மாநாடு ஒரு வார வருமான இழப்பு என்பதுதான் பொருள்.

குறை நல்கை அமைப்பின் அடித்தளத்திலேயே உள்ளது. மானியக் குழுவின் பயண நல்கைத் திட்டம் கல்லூரிகளின் நிரந்தர ஆசிரியர்களை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. வேறு பல விண்ணப்பங்களிலும் துறைத் தலைவரின் பரிந்துரையும் நிறுவன முத்திரையும் கேட்கப்படுகின்றன. இதற்கு ஒரு நியாயம் உண்டு. பணம் தருபவருக்கு விண்ணப்பதாரரின் தகுதி நேரடியாகத் தெரியாது. எனவே நிறுவனத்தைப் பிணையாகக் கொள்கிறார். ஆனால், கட்டுரையைத் துறை வல்லுநர்கள் படித்து ஏற்றுக்கொண்ட பிறகு அதைவிட நல்ல சான்று வேறென்ன இருக்க முடியும்? பதவி ஒருவரின் கடந்தகாலத் தேர்வைக் காட்டுகிறது. ஏற்பு மடல் அவருடைய இன்றைய ஆய்வைக் காட்டுகிறது.

நல்கை கிடைத்தாலும் இன்னொரு தடை உண்டு. முதலில் செலவு செய்து, ரசீதுகளைக் கொடுத்து, பிறகு பணத்தைத் திரும்பப் பெறும் முறை சேமிப்பு உள்ளவர்களுக்கே பயன்படும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. கட்டணத்தைவிடக் கடினமானது வேலைச் சான்றும் வங்கிக் கணக்கு விவரமும் காட்ட வேண்டியிருப்பது.

இணையவழியில் வாசித்துவிடலாமே என்று கேட்கலாம். ஓரளவு சரியே. ஆனால், இருபது நிமிட வாசிப்புக்காக மட்டும் எவரும் மாநாட்டுக்குச் செல்வதில்லை. கூட்டாய்வும், நூல் பதிப்பும், ஒரு பிழையை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டும் உரையாடலும் அரங்குக்கு வெளியேதான் நிகழ்கின்றன. நிறுவனத்தில் உள்ளவருக்குச் சக ஆசிரியர்கள் அன்றாடம் கிடைக்கிறார்கள். தனித்து இயங்குபவருக்கு மாநாடே துறை. செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே அதிகப் பயன் தரும் என்று பார்த்தால், இவருக்குத் தரும் நல்கையே முன்னிற்கும்.

வழிகாட்டுதல்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்கு வரும் நிரந்தரப் பணியற்ற உறுப்பினர்களுக்குப் பயண உதவி வழங்குகிறது. அங்கே சார்பற்ற ஆய்வாளர்களுக்கென்றே ஒரு தேசியக் கூட்டமைப்பு 1989 முதல் இயங்கிவருகிறது.

இங்கும் செய்யத்தக்கவை உள்ளன. பயண நல்கைத் தொகையில் ஒரு சிறு பங்கை நிறுவனம் சாராதவர்களுக்கென ஒதுக்கலாம். ஏற்பு மடலையும் முன்பு வெளிவந்த ஆய்வுகளையும் மட்டுமே தகுதியாகக் கொள்ளலாம். தொகையில் பாதியையாவது முன்பணமாகத் தரலாம். நிறுவனச் செலவில் வருபவர்களின் பதிவுக் கட்டணத்தைச் சற்றே உயர்த்தி, பிறருக்கு அதைக் குறைக்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகம், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் போன்றவை தகுதியுடையோருக்கு ஊதியமில்லா வருகை ஆய்வாளர் என்ற அடையாளத்தை அளித்தால், விசா விண்ணப்பத்துக்குக்கூட அது துணைநிற்கும்.

உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் தொடங்கி, பாரீஸ், யாழ்ப்பாணம், மொரீஷியஸ், சிகாகோ எனப் பல நாடுகளைக் கண்டுள்ளது. அத்தகைய அரங்குகளில் யார் பேசுகிறார்கள் என்பதைக் கட்டுரையின் தகுதி முடிவு செய்ய வேண்டும். மாதச் சம்பளம் முடிவு செய்யக் கூடாது. பயணச் செலவுக்கு வழியில்லாததால் வாசிக்கப்படாமல் போகும் கட்டுரை எந்த இழப்புக் கணக்கிலும் பதிவாவதில்லை. அதனாலேயே இந்த இழப்பைப் பற்றி எவரும் கவலைப்படுவதும் இல்லை.