இறந்தகால வினையும் சிவப்பு மையும்

‘முயற்சித்தான்’ என்று எழுதிய மாணவனின் கொப்பியிலே சிவப்புக் கோடு விழுகிறது. ‘அப்பா நேற்று வந்தவர்’ என்று எழுதியவளின் கொப்பியிலும் அதே கோடு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தமிழ் கற்பிப்போருள் ஒரு சாரார் இரண்டையும் ‘பிழை’ என்ற ஒரே சொல்லால் தீர்த்துவிடுகின்றனர். காரணம் கேட்டால் ‘இலக்கணம் அப்படி’ என்பர். எந்த இலக்கணம்?

தமிழில் இறந்தகாலம் என்றுமே ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று. நன்னூல் செய்த பவணந்தியார் த், ட், ற், இன் என இடைநிலைகளை வகுத்தார். அவற்றுள் அடங்காதனவும் உள. கமக்காரன் வயலை உழுதான், வரப்பிலே பாம்பைக் கண்டான், குளக்கட்டில் நின்றான், அருவி வெட்டினான். நான்கு வினைக்கும் நான்கு இடைநிலைகள். நாற்று ‘நட்டான்’ என்பதிலோ இடைநிலையே இல்லை. பகுதியின் ஒற்று இரட்டித்தே காலம் காட்டுகிறது. முத்தையன்கட்டுக் குளத்தின்கீழ் வளரும் பிள்ளை இத்தனையையும் பள்ளி வாசலை மிதிக்குமுன்பே தடுமாறாது கையாளுகிறது.

‘நட்டான்’ போன்றே ‘புகு’ என்பதற்குப் ‘புக்கான்’ என்பது பழைய வடிவம். இன்று வழங்குவது ‘புகுந்தான்’. ‘நக்கான்’ என்றால் சிரித்தான் என்று இன்று எவர் கொள்வர்? ‘போயினான்’ என்பதும் ‘போனான்’ ஆயிற்று. ‘புகுந்தான்’ என்று முதலிற் சொன்னவனுக்குக் கோடிட அன்று ஆசிரியர் எவரும் இல்லாதது தமிழின் நற்பேறே.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘ஹெல்ப்’ என்பதன் இறந்தகாலம் ஒருகாலத்தில் ‘ஹோல்ப்’, இன்று ‘ஹெல்ப்ட்’. ‘ட்ரீம்ட்’, ‘ட்ரெம்ட்’ இரண்டும் சரியென ஏற்கப்படுகின்றன. அயல்மொழிக்கு அளிக்கும் உரிமையைத் தாய்மொழிக்கு மறுப்பது என்ன நியாயம்?

‘முயற்சித்தான்’ என்பதற்கெதிராக வலுவான வாதமொன்று உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ‘முயல்’ என்பது பகுதி. ‘முயற்சி’ அதிற் பிறந்த தொழிற்பெயர். அதனை மீண்டும் வினையாக்கினால் ‘பயிற்சித்தான்’, ‘மகிழ்ச்சித்தான்’ என்பனவும் வந்துவிடும் என்பர். வரவில்லையே! ‘புக்கான்’ புகுந்தான் ஆனபோது ‘நட்டான்’ நடுந்தான் ஆகவில்லை. மொழி சொல்சொல்லாகவே மாறுகிறது. ‘முயன்றான்’ செறிவான சொல். எழுத்தில் அதனை விரும்புவது தகும். ஆயின் விருப்பத்துக்குப் பிழைதிருத்தம் என்று பெயர் சூட்டலாகாது.

‘வந்தவர்’ பற்றிய வழக்கு இதனினும் பாரதூரமானது. இலக்கணம் அதனை வினையாலணையும் பெயர் என அறியும். பெயர் பயனிலையாக நிற்பது தமிழுக்குப் புதிதன்று. ‘அவர் ஆசிரியர்’ என்பது சரியாயின் ‘அவர் வந்தவர்’ எங்ஙனம் வழுவாகும்? ஈழத்துப் பேச்சிலே அது மதிப்போடு இறந்தகாலம் உணர்த்தும் முற்றாகவே வழங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, கதைகளிற் பேச்சுவழக்கு இடம்பெறுவதை ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டிதர் சிலர் பழித்தனர். கதைகளில் அப்பழி தோற்றது. வகுப்பறையில் அது இன்னும் தோற்கவில்லை.

கட்டுரைக்கு ‘வந்தார்’ என்பதே பொருந்தும். அதனை ஆசிரியர் தாராளமாகக் கற்பிக்கட்டும். ‘அது வீட்டு வழக்கு, இது எழுத்து வழக்கு’ என்று சொல்ல ஒரு நிமிடமும் செல்லாது. காரணமின்றிக் கோடு மட்டும் இடப்பட்டால், தன் வீட்டார் பேசுவது தமிழன்று என்றே அப்பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அடுத்த கட்டுரையில் அப்பாவைப் பற்றி எழுதாமலே விட்டுவிடுகிறது.