முதலில் நிற்கட்டும், பிறகு பறக்கட்டும்!



எங்கள் ஊர் பாச்சலூர். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக வளைந்து வளைந்து ஏறினால் காபி, மிளகு, மலைவாழை என்று வரவேற்கும் ஊர். அங்கே என் தாய்மாமா வீட்டுக் காபிக் களத்து ஓரம், தார்ப்பாய்க்குக் கீழே ஒரு கார் தூங்கிக்கொண்டிருந்தது. 1998 மாடல் மாருதி ஜென்!

"ஓட்டுறதா இருந்தா எடுத்துக்க மாப்ளே. ஆனா பத்து பைசா என்கிட்ட கேக்காதே" என்றார் மாமா.

ஜென் என்றால் சும்மாவா? 1993-ல் அறிமுகமாகி 2006 வரை தயாரான கார். 993 சி.சி. அலுமினிய என்ஜின், 50 குதிரை சக்தி, எடை 800 கிலோவுக்கும் கீழே. இங்கே செய்து ஐரோப்பாவுக்கு 'ஆல்டோ' என்ற பெயரில் அனுப்பினார்கள். நம்மைப் போன்ற காசில்லாத மாணவனுக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

கையில் இருந்தது இரண்டு சீசன் காபிப் பழம் பறித்த கூலி, 22,000 ரூபாய். அதை வைத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? செகண்ட் ஹேண்ட் அலாய் வீல், உறுமுகிற சைலன்ஸர், பின்னால் ஸ்பாய்லர், கதவில் தீப்பிழம்பு ஸ்டிக்கர். 19,000 காலி. பிரேக் என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. மிதித்தால் நிற்கிறதே, போதாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் என் தம்பி. பாச்சலூரிலிருந்து இறங்கினோம். பெட்ரோலை மிச்சம் பண்ணலாம் என்று நியூட்ரலில் விட்டேன். வளைவுக்கு வளைவு பிரேக். பாதி மலை இறங்கியதும் ஏதோ கருகும் வாடை. அடுத்த கொண்டை ஊசி வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போயிடுச்சு!

எப்படியோ செகண்ட் கியரில் திணித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. இறங்கிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டான். அவன் கை நடுங்கியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

நடந்தது என்ன? நாம் வகுப்பில் படித்த கணக்குதான். காரும் இருவரும் சேர்ந்து 900 கிலோ. 500 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 900 × 9.8 × 500, சுமார் 44 லட்சம் ஜூல். ஒரு பெரிய வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகிற வெப்பம் அது! கியரில் இருந்திருந்தால் அதில் நல்ல பங்கை என்ஜின் ஏற்றிருக்கும். நியூட்ரலில் விட்டதால் பெரும் சுமை பிரேக் தலையில்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும்; ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தர அளவே 140 டிகிரிதான். என் ஆயிலை எத்தனை வருடமாக மாற்றவில்லையோ! அது கொதித்து ஆவிக் குமிழ் ஆனது. குமிழை அமுக்கலாம், அது பேடை அமுக்காது. ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் வேண்டாம், வெறும் கேபிள். அதனால்தான் இன்று இதை எழுத நான் இருக்கிறேன்.

"மாடிஃபிகேஷனே கெட்ட பழக்கம்" என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய காரைவிட நல்ல லேப் நமக்கு எங்கே கிடைக்கும்? கோயம்புத்தூர் கரிவரதன் வெளிநாட்டு என்ஜினுக்காகக் காத்திருக்கவில்லை. 1980-களின் கடைசியில் மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். ஆனால் அது ஓடியது பந்தயத் தடத்தில், மலைச்சாலையில் அல்ல.

ஆகவே நண்பா, என் கட்சி இதுதான்: செய், வரிசையாகச் செய். முதலில் நிற்பது: ஆயில், பேட், ஷூ, ரப்பர் ஹோஸ். இரண்டாவது திரும்புவது: நல்ல டயர், புஷ், ஷாக் அப்சார்பர். மூன்றாவது மூச்சு: கார்புரேட்டர், பிளக், கூலிங். அழகு கடைசியில். என் அலாய் வீலை விற்ற காசிலேயே முதல் வரிசை முழுக்க முடிந்தது. ஸ்டிக்கரையும் சுரண்டிவிட்டேன்.

சட்டத்தையும் மறக்காதே. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அதே வருடத்துச் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. உறுமும் சைலன்ஸர் அவ்வளவு பெறுமா?

நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்‌ஷாப்பை மாணவர்களின் சொந்த வண்டிகளுக்குத் திறந்துவிடக் கேளுங்கள். பைக்கோ காரோ, பிரேக்கை நாமே கழற்றிப் பார்ப்போம். பரீட்சைக்குப் படித்தது உயிரைக் காக்கவும் உதவட்டுமே!

போன மாதம் மறுபடி அதே இறக்கம், செகண்ட் கியரில் இறங்கினேன். தம்பியும் வந்தான். கீழே வந்ததும் கேட்டான்: "அண்ணே, திரும்ப ஏறலாமா?"

எனக்கு எந்தக் கோப்பையும் வேண்டாம்!

– பாச்சலூரான்,
மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல்