சுங்கம் நமக்கு, பாலம் யாருக்கு?

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து, மோட்டார் சைக்கிளில் மண்டியா பக்கம் வீடு திரும்பும் தொழிலாளி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடக்கும் புதிய விரைவுச்சாலைப் பாலத்தில் ஏற முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையின் பிரதான வழித்தடத்தில் இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்குத் தடை. பெங்களூருவுக்குப் பேருந்தில் போகிறவரும் தப்பவில்லை. 2023 மார்ச்சில் சுங்க வசூல் தொடங்கிய கையோடு, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணப் பேருந்திலேயே பயணி ஒருவருக்கு 15 ரூபாய் கூடுதலாக ஏற்றப்பட்டது.

விபத்துகளைக் குறைக்கவே தடை என்கிறார்கள். அந்தச் சாலையில் உயிர்கள் பல பறிபோனது உண்மைதான். அப்படியானால் தடையற்ற சர்வீஸ் சாலையை முடித்துவிட்டல்லவா பிரதமர் 2023 மார்ச் 12இல் திறந்து வைத்திருக்க வேண்டும்? திறந்த ஒரு வாரத்திற்குள் ராமநகரம் அருகே மழைநீரில் வாகனங்கள் தத்தளித்ததை நாடே பார்த்தது.

118 கிலோமீட்டர், சுமார் 8,480 கோடி ரூபாய். இது தனியார் முதலீட்டின் சாதனை அல்ல. கலப்பு ஆண்டுத்தொகை முறையில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தருகிறது. மீதியை வட்டியோடு தவணைகளாகத் திருப்பித் தருவதும் அரசே. வரியாக ஒருமுறை, சுங்கமாக மறுமுறை என மக்களே இருமுறை செலுத்துகிறார்கள்.

இப்படி மக்கள் பணத்தில் உருவான சாலைகளைத்தான் ஒன்றிய அரசு குத்தகைக்கு விடுகிறது. 2018இல் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி நிறுவனத்திற்கு ஏறத்தாழ 680 கிலோமீட்டர் சாலை, 9,681 கோடி ரூபாய்க்கு 30 ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட்டில் அறிவித்த பணமாக்கல் திட்டத்தில் 26,700 கிலோமீட்டர் சாலைகள் பட்டியலிடப்பட்டன.

இதன் முடிவு எப்படியிருக்கும் என்பதை இத்தாலியில் கேளுங்கள். மலைகள் சூழ்ந்த ஜெனோவாவில் பொல்செவெரா ஆற்றுக்கு மேல் 1967இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம், 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்தது. 43 பேர் மாண்டார்கள். 1999இல் தனியார்மயமான நிறுவனத்தின் கையில்தான் சுங்க வசூலும் பராமரிப்பும் இருந்தன. ஒரு தூணின் தாங்கு கம்பிகள் 1990களிலேயே வலுப்படுத்தப்பட்டன. இடிந்த தூணுக்கோ திட்டம் மட்டுமே தயாராக இருந்தது, வேலை தொடங்கவில்லை. 2022இல் இத்தாலிய அரசு தலைமையிலான கூட்டமைப்பு அந்த நிறுவனத்தின் 88 சதவீதப் பங்குகளை 800 கோடி யூரோவுக்கும் அதிகமாகக் கொடுத்துத் திரும்ப வாங்கியது. விற்றதும் மக்கள் சொத்து, மீட்டதும் மக்கள் பணத்தில்!

அரசு வசம் இருந்தால் பாலம் இடியாதா என்று கேட்பார்கள். இடியும். 2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் மகிசாகர் ஆற்றில் இடிந்த கம்பீரா பாலம் மாநில அரசின் பாலம்தான். ஆனால் அங்கே பாஜக ஆட்சியைக் கூண்டில் ஏற்ற மக்களுக்கு வாக்கும் சட்டமன்றமும் இருக்கின்றன. முப்பது ஆண்டுக் குத்தகைதாரரை யார் எங்கே கேட்பது?

குடகு மலையில் மழை வலுத்துக் கிருஷ்ணராஜ சாகர் அணை திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் காவிரி அந்தத் தூண்களை மோதுகிறது. ஆண்டுதோறும் வெள்ளத்திற்குப் பிறகான பரிசோதனை அறிக்கையைக் கன்னடத்தில் வெளியிட வேண்டும். சர்வீஸ் சாலையை மைசூரு வரை முழுமையாக்க வேண்டும். பேருந்துப் பயணியிடம் பிடிக்கும் கூடுதல் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும். ஹெப்பாள் ஆலை வாயில்களில் நமது தோழர்கள் கையெழுத்துக் கேட்க வேண்டியது இவற்றுக்காகவே.